மடற்குழுவை மூடுவதற்கு முன்: நம் கணினி உதவிக் குழுவின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். போன கிழமை நீங்கள் அனுப்பிய அறிவித்தலை இரண்டு தரம் படித்தேன். ஒருவர் எழுதினால் எல்லோருடைய மின்னஞ்சல் பெட்டிக்கும் போகிற நம் மடற்குழு இந்த மாதம் முடிய மூடப்படுகிறது. இனிக் கேள்வி கேட்பதும் பதில் சொல்வதும் கருத்துக்களம் என்ற புதிய இணையத்தளத்தில் மட்டும். பழைய மடல்களை என்ன செய்வது என்று பிறகு பார்க்கலாம். இப்படி எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. உங்களில் பலரை நேரில் தெரியும், போன் எடுத்தே பேசியிருக்கலாம். ஆனால் இது கொக்கட்டிச்சோலையில் இருப்பவருக்கும் அக்கரைப்பற்றில் இருப்பவருக்கும் சேர்ந்த விஷயம். அதனால் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

களம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மடற்குழுவுக்காகப் பேசுகிறவர் என்றாலே பழசைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பவர் என்று நினைப்பது வழக்கமாகிவிட்டது, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். களத்தைத் திறவுங்கள். ஆனால் மடல் வழியாக உள்ளே வருகிற வாசலை அடைக்காதீர்கள். இத்தனை வருடம் எழுதிச் சேர்த்த மடல்களை, உறுப்பினரோ இல்லையோ, யாரும் வந்து படிக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

களுவாஞ்சிக்குடியில் என் கடை உங்களுக்குத் தெரியும். தட்டச்சு, பிரிண்ட், போட்டோக்கொப்பி, கொம்பியூட்டர் திருத்தம், எல்லாம் ஒரே அறைக்குள். ஒரு மாரி காலத்தில் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து வயதான அம்மா ஒருவர் பேரனோடு வந்தார். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய ஓர் இறுவட்டு. கணவர் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், காலமாகிவிட்டார். கூத்துப் பழக்குகிற அண்ணாவிமாரிடம் கேட்டுக் கேட்டு வடமோடி, தென்மோடிக் கூத்துப் பாட்டுகளைத் தட்டச்சு செய்து வைத்திருந்தாராம். கோப்பைத் திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்.

“மனே, இவரு எழுதினதெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு எண்டாங்க. இதென்ன, எல்லாம் இங்கிலீசாக் கிடக்கு? மறுகா ஆரு வாசிக்கிற?” என்று அந்த அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

என் வயதுக்காரருக்கு அது என்னவென்று பார்த்தவுடன் தெரியும். பாமினி. ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. அது இல்லாத கணினியில் போர்வை கழன்றுவிடும், புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். எழுத்துருவை நிறுவினால் திரையில் தமிழ் வந்துவிடும். ஆனால் அந்தத் தமிழைக் கூகுளில் தேட முடியாது, போனில் படிக்க முடியாது, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு அனுப்பினால் அங்கேயும் அதே அரைப்புள்ளிதான். எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றினால்தான் உண்டு.

இந்த எழுத்து வந்தால் அந்த எழுத்தைப் போடு என்று ஒரு பட்டியல் செய்து ஓட்டிப் பார்த்தேன். ‘கூத்து’ சரியாக வந்தது. ‘கொலு’ வரவில்லை. கொம்பு தனியே முன்னால் நிற்க, ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறிக் கிடந்தது. இரவு பதினொரு மணி இருக்கும், மடற்குழுவுக்கு எழுதிவிட்டுப் படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் பதில் வந்திருந்தது. திருக்கோவில்காரர் ஒருவர், அப்போது கட்டாரில் இருந்தவர், வேலை முடிந்து அறைக்கு வந்து எழுதியிருந்தார்.

பாமினியில் நாம் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில் அடிக்கிறோம்: முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒருங்குறியில் ககரம்தான் முதலில், உயிர்க்குறி அதன் பின்னால் வரும். ‘கொ’வின் கொம்பும் காலும் சேர்ந்து அங்கே ஒரே குறி. ஆகவே மூன்று துண்டாகக் கிடப்பவற்றை முதலில் மாற்ற வேண்டும், இரண்டு துண்டுகளைப் பிறகு, தனி எழுத்துகளைக் கடைசியில். ஒழுங்கு தவறினால் கொம்பு அநாதையாகிவிடும். இன்னொன்றும் எழுதியிருந்தார். ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் அந்த எழுத்துருவில் ஒரே விசை. அதனால் பாரதக் கூத்தில் வருகிற கௌரவர் எல்லோரும் ‘கெ’, ‘ள’ என்று பிரிந்து நிற்பார்கள். அவர்களைச் சரிசெய்யப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால், ‘வெ’யும் ‘ள’வும் ஒட்டிக்கொண்டு வெள்ளியும் வெள்ளாமையும் கெட்டுப்போகும். அந்த இடங்களைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

மூன்று இரவு இருந்து முடித்துக் கொடுத்தேன்.

பல வருடங்களுக்குப் பிறகு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பிள்ளை ஆய்வேடு அச்சிட வந்தாள். பழைய விழா மலர் ஒன்றின் கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றி எடுத்திருந்தாள். எப்படி மாற்றினாய் என்று கேட்டேன். கூகுளில் தேடினேன், கட்டாரில் இருந்து ஆரோ ஓர் ஆள் எழுதின பதில் கிடைத்தது, அதைப் பார்த்துச் செய்தேன் என்றாள். அதே மடல். அது எழுதப்பட்ட நாளில் அவள் சின்னப் பிள்ளை. நம் குழு என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

தம்பி, நீங்கள் “பிறகு பார்க்கலாம்” என்று எழுதியது அந்த மடல் இருக்கிற காப்பகத்தைப் பற்றி.

மடற்குழுவின் குறைகளை நான் மறைக்கவில்லை. ஒரு பிரிண்டர் ஓடவில்லை என்று ஒரே ஒரு கேள்வியோடு வருகிறவர் அதற்காகக் குழுவில் சேர வேண்டியிருக்கிறது. சேர்ந்த மறுநாளே அவருக்குச் சம்பந்தமில்லாத மடல்கள் பெட்டியில் வந்து குவியும். மூன்றாம் நாள் விலகிவிடுவார், நான்காம் நாள் பதில் வரும், அதைப் பார்க்க ஆள் இருக்காது. நாளுக்கொரு தொகுப்பாக மடல் பெறுகிறவர்கள் தலைப்பைத் திருத்தாமல் பதில் போட்டு இழையை, அதாவது ஒரு கேள்விக்கான மடல் தொடரை, அறுத்துவிடுவார்கள். ஒரு வரிப் பதிலுக்குக் கீழே முந்தின மடல்கள் முழுதும் வாலாகத் தொங்கும். பிழையாக எழுதிவிட்டால் அனுப்பிய பிறகு திருத்த வழியில்லை. களத்தில் திருத்தலாம், இதுதான் சரியான பதில் என்று குறியும் வைக்கலாம். கணினி, கணனி, கொம்பியூட்டர் என்று ஆளுக்கொரு மாதிரி எழுதினாலும், பொறுப்பாளர் ஒரு குறிச்சொல் போட்டு எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்துவிடலாம். 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் நம் காரைதீவில் பிறந்தவர். ஒரு பொருளுக்கு எல்லோரும் ஒரு சொல்லைச் சொன்னால் எவ்வளவு வசதி என்பதை இந்த ஊர்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

களத்துக்குச் சார்பாக நீங்கள் சொல்லாத ஒரு காரணத்தையும் நான் சொல்கிறேன். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சாய்ந்தமருதிலும் கணினி படிக்கிற பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர். நம் வாட்ஸ்அப் குழுவில் அவர்களுடைய கேள்வியைக் காண்பது அபூர்வம். அவர்களிடம் கேள்வி இல்லாமல் இல்லை. அங்கே சேர்ந்தால் போன் இலக்கம் முன்பின் தெரியாத ஆண்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதுதான் தடை. என் கடைக்கு வருகிற ஒரு தங்கச்சி தன் கேள்வியைத் தாளில் எழுதித் தந்து, உங்கட பேரில் கேட்டுச் சொல்லுங்க அண்ணன் என்பாள். களத்தில் ஒரு புனைபெயரோடு தானே வந்து கேட்கலாம். இந்த ஒன்றுக்காகவே களம் வேண்டும் என்பேன்.

சரி, கேட்பவருக்குக் களம் நல்லது. பதில் சொல்பவருக்கு?

நம் குழுவில் கேட்பவர்கள் நிறைய. பொறுமையாக உட்கார்ந்து முழுப் பதில் எழுதுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் கல்முனையில் வங்கி வேலை முடிந்து வந்து எழுதுகிறார், ஒருவர் பாசிக்குடாவில் ஹோட்டல் கணக்குப் பார்த்துக்கொண்டு எழுதுகிறார், சிலர் கடல் தாண்டி இருக்கிறார்கள். இவர்களில் யாரும் ‘இன்றைக்கு ஆருக்கு என்ன பிரச்சினை’ என்று ஒரு தளத்தைத் தேடிப் போய்ப் பார்க்கப் போவதில்லை. முதல் மாதம் போவார்கள். இரண்டாம் மாதம் மறந்துவிடுவார்கள். மடற்குழுவில் கேள்வி அவர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறது. வேலை மடல்களுக்கு நடுவே கண்ணில் படுகிறது, இது எனக்குத் தெரியுமே என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுகிறார்கள். இதனால்தான் ஆட்கள் குறைந்த நம் மடற்குழு இத்தனை வருடம் உயிரோடு இருக்கிறது. கேள்விகள் நிரம்பி, பதில் சொல்ல ஆளில்லாமல் தூர்ந்துபோன களங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பெரிய குழுக்கள் என்ன செய்தன என்று உங்கள் அறிவித்தலில் ஓர் உதாரணம் தந்திருந்தீர்கள். பைத்தன் என்ற கணினி மொழியை வளர்ப்பவர்கள் 2022 இல் தங்கள் முக்கிய உரையாடலை மடற்குழுவிலிருந்து டிஸ்கோர்ஸ் என்ற மென்பொருளில் ஓடுகிற களத்துக்கு மாற்றினார்கள், உண்மை. ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கர்னலை வளர்ப்பவர்கள் இன்றைக்கும் மின்னஞ்சலில்தான் வேலை செய்கிறார்கள், அவர்களுடைய மடல்கள் முழுவதும் திறந்த காப்பகத்தில் யாரும் படிக்கும்படி கிடக்கின்றன. இருவரும் தங்கள் ஆட்களைப் பார்த்து முடிவெடுத்தார்கள். நம் ஆட்கள் யார், எந்தச் சிக்னலில் இருக்கிறார்கள் என்று பார்த்து நாம் முடிவெடுக்க வேண்டும்.

சிக்னல் என்றதும் 2022 ஞாபகம் வருகிறது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. கரண்ட் போய்ச் சில மணிநேரத்தில் கோபுரத்து பற்றரியும் இறங்கிவிடும், போனில் ஒரு கோடு வரும் போகும். அந்த நாட்களில் இணையப் பக்கம் ஒன்றைத் திறப்பதே பெரும்பாடு. மடல் அப்படி இல்லை. இருட்டில் உட்கார்ந்து எழுதி வைத்துவிடலாம், சிக்னல் வருகிறபோது அது தானாகப் போய்விடும், வர வேண்டியதும் வந்துவிடும். யூபிஎஸ் பற்றரியை எப்படி மாற்றுவது, கரண்ட் திடீரென்று போனதால் கெட்ட ஹார்ட் டிஸ்க்கில் இருந்து கோப்புகளை எப்படி எடுப்பது என்று அந்த மாதங்களில் மடற்குழுவில் ஓடிய இழைகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். தேவை கூடிய நேரத்தில் ஓடியது அதுதான்.

வாட்ஸ்அப் இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் 2018 மார்ச்சில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நம் பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தக் கிழமையிலும் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரலில் மறுபடியும். மூன்று தடவையும் வாட்ஸ்அப் நின்றது. மின்னஞ்சல் நிற்கவில்லை. மின்னஞ்சல் எந்த ஒரு நிறுவனத்தின் சொத்தும் இல்லை, ஆயிரம் வழங்கிகள் (சேவர் கணினிகள்) ஒரே மொழியில் பேசிக்கொள்கிற ஏற்பாடு அது. அதை மொத்தமாகப் பூட்டுவது லேசில்லை.

வாட்ஸ்அப்பில் எனக்கு இன்னொரு மனவருத்தமும் இருக்கிறது. பாமினிக் கேள்வி அங்கே எத்தனை தரம் வந்துவிட்டது! ஒவ்வொரு தரமும் யாரோ ஒரு நல்ல மனிதர் நாலு நிமிட வொய்ஸ் போட்டு விளக்குகிறார். அடுத்த நாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அது போய்விடுகிறது. குரலைக் கூகுள் தேடாது. போன் மாறினால் அதுவும் இல்லை. இவ்வளவு உழைப்பும் ஆற்றில் கரைத்த புளி மாதிரி.

காப்பகத்துக்கு வருகிறேன். 1990களின் பிற்பகுதியில் திஸ்கி என்ற தமிழ்க் குறியீட்டுத் தரத்தை உலகெங்கும் சிதறியிருந்த தமிழர்கள் மடற்குழுவில் வாதாடி வாதாடியே வடித்தெடுத்தார்கள். பிறகு யாகூ குழுக்கள் வந்தன. இலக்கியம், சமையல், கணினி என்று எத்தனையோ தமிழ்க் குழுக்கள் அங்கே கூடின. 2019 கடைசியில் அங்கிருந்த பழைய மடல்களைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், 2020 டிசம்பர் 15 இல் சேவையையே நிறுத்திவிட்டார்கள். அவற்றில் சில எப்படி எஞ்சின தெரியுமா? யாரோ ஒருவருடைய சொந்த அஞ்சல் பெட்டியில் பிரதி இருந்ததால். மடற்குழுவில் எழுதுகிற ஒவ்வொரு மடலும் எழுதிய அந்த நிமிடமே எல்லா உறுப்பினர் வீட்டிலும் ஒரு பிரதியாகப் போய் இருந்துவிடுகிறது. களத்துக்கு அப்படி இல்லை. அதன் ஒரே தரவுத்தளம் ஒரே வழங்கியில் இருக்கிறது. வாடகை கட்டுகிற தம்பிக்கு வெளிநாட்டு வேலை கிடைத்து, அட்டை காலாவதியாகி, நினைவூட்டல் மடலை யாரும் பார்க்காமல் விட்டால் முடிந்தது கதை. வெள்ளத்தில் கடை அலுமாரி நனைந்து, பற்றுச்சீட்டுக் கட்டுகள் கூழாகிப் போனதைப் பார்த்தவன் நான். எதற்கும் இன்னோர் இடத்தில் பிரதி வேண்டும் என்பது எனக்கு அன்றைக்கு வந்த புத்தி.

ஆகவே என் கோரிக்கை பெரிய செலவில்லாதது. நீங்கள் எடுத்திருக்கிற டிஸ்கோர்ஸ் 2013 இல் வந்த கட்டற்ற மென்பொருள். களத்தில் வருகிற ஒவ்வொரு பதிவையும் மடலாகப் பெறுகிற வசதி அதில் ஏற்கெனவே இருக்கிறது. வந்த மடலுக்கு அஞ்சல் பெட்டியிலிருந்தே பதில் போட்டால் அது களத்தில் உரிய இழையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்தால், அந்த முகவரிக்கு எழுதியே புதிய கேள்வியைத் தொடங்கலாம். இவை எல்லாவற்றையும் அமைப்புப் பக்கத்தில் இயக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். உள்வருகிற மடல்களுக்கு ஒரு பெட்டி திறக்க வேண்டும், வெளியே போகிற மடல்கள் ஸ்பாமுக்குள் விழாதபடி டொமைன் பதிவுகளைச் சரியாக எழுத வேண்டும். இரண்டு நாள் வேலை, கொஞ்சம் தலையிடி பிடித்த வேலை, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த இரண்டு நாளை ஒதுக்காவிட்டால் பதில் சொல்கிற அந்த விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை இழந்துவிடுவோம். பிறகு அவர்களைத் திரும்பக் கூப்பிட முடியாது.

களத்தைப் படிக்க யாரும் கணக்குத் திறக்கத் தேவையிருக்கக் கூடாது. எழுதுவதற்குத்தான் கணக்கு. இதை அறிவித்தலில் நீங்கள் சொல்லவே இல்லை, தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வந்தாறுமூலைப் பிள்ளை அன்றைக்குத் தேடி வந்தபோது ‘உள்நுழைக’ என்ற பெட்டிதான் எதிரே நின்றிருந்தால், அவள் திரும்பிப் போயிருப்பாள்.

பழைய மடல்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த எம்பொக்ஸ் கோப்பாக மடற்குழு வழங்கியில் இருக்கின்றன. அவற்றை டிஸ்கோர்ஸுக்குள் இறக்குவதற்கு அந்த மென்பொருளோடு ஒரு நிரல் வருகிறது. இறக்கும்போது இரண்டு விஷயத்தைக் கவனிக்கச் சொல்லிக் கேட்கிறேன். உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் மடலடியில் போட்ட போன் இலக்கங்களும் வெளியே தெரியாமல் மறைக்கப்பட வேண்டும். மற்றது, பழைய இணைப்புகள் உடையக் கூடாது. இன்றைக்குக் கூகுளில் நம் மடல் ஒன்றைக் கண்டு சொடுக்குகிறவரைப் பழைய முகவரி புதிய இடத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும். இறக்கி முடித்து, சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் மடற்குழுவை மூட வேண்டும். மாத முடிவு என்ற திகதியைத் தள்ளிப் போடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

ஆரம்ப வருடங்களின் மடல்களில் பாமினியில் எழுதியவை கொஞ்சம் இருக்கின்றன. அவை அப்படியே ஏறினால் களத்திலும் அரைப்புள்ளியாகத்தான் நிற்கும், தேடினாலும் அகப்படாது. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுகிற வேலையை என்னிடம் தாருங்கள். மூன்று துண்டு முதலில், இரண்டு துண்டு பிறகு என்ற அந்தப் பட்டியல் இன்னும் என் கணினியில் இருக்கிறது, கௌரவர்களைக் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன். கோப்பின் பிரதியைப் பென்டிரைவில் போட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை, காலை பஸ்ஸில் ஏறிக் கல்லடியில் இறங்கி நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். பதிலை மடற்குழுவிலேயே போடுங்கள், எல்லோரும் பார்க்கட்டும்.

அன்புடன்,
களுவாஞ்சிக்குடியிலிருந்து உங்கள் அண்ணன் ஒருவன்